கயிறு பிடிப்பவருக்கு ஒரு நாற்காலி

மேடையில் இருக்கும் ஒரே மின்விசிறியைப் பேச்சாளர் பக்கம் திருப்பிவிட்டுத் தாம் வியர்த்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தேவகனி அம்மையார் அவர்களே! இந்தத் தூத்துக்குடி நகரின் பதினோரு படிப்பகங்களைப் பூட்டு விழாமல் காத்துவரும் கூட்டமைப்பின் மூத்தோர்களே! படகைக் கரையேற்றிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, உப்பை மட்டும் மாற்ற முடியாமல் வந்திருக்கும் திரேஸ்புரத்துப் பெருமக்களே! பிள்ளையை மடியில் இருத்தி, ‘எப்பம்மா முடியும்’ என்று கேட்கும் அதன் வாயைப் பொத்தி, அதே கேள்வியை மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அரங்குக்கு வாடகையும் நமக்குத் தேநீரும் தந்திருக்கும் நிறுவனத்தின் அனுபவப் பிரிவுத் தலைவர், நாசரேத் ஈன்ற நன்மகன், தம்பி பெனிஸ்டன் அவர்களே! நிறைவாக, முன்வரிசையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அமர்ந்திருப்பதால் நான் கைகூப்புவதைக் காண இயலாத அன்பர்கள் நால்வரே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

அந்த நால்வருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், நான் வணங்கியதாகத் தோளில் தட்டிச் சொல்லிவிடுங்கள். மெதுவாகத் தட்டுங்கள் ஐயா. அவர்கள் கடலுக்கு அடியில் இருக்கிறார்கள். சுறா என்று நினைத்துவிடுவார்கள்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘நாளைய கடல் நம் கண்களில்’. தந்தவர்கள் நிறுவனத்தார். கடல் கண்ணில் பட்டால் எரியும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், அந்தத் தலைப்பை மரியாதையோடு ஓரமாக வைக்கிறேன். நான் கேட்க வந்த கேள்வி சிறியது. ஹெட்செட் போட்டால்தான் ஆட முடியும் என்று செய்யப்படும் மெய்நிகர் விளையாட்டுக்கு, அது இல்லாமல் சாதாரணத் திரையில் ஆடுவதற்கும் ஒரு வடிவம் வேண்டுமா, வேண்டாமா? இவ்வளவுதான்.

நிறுவனம் செய்திருக்கும் விளையாட்டின் பெயர் ‘ஏழு பாகம்’. ஒரு பாகம் என்பது விரித்த இரண்டு கைகளின் நீளம். ஏழு பாக ஆழத்தில் மன்னார் வளைகுடாவில் இறங்கி முத்துக் குளிக்கலாம். நனைய வேண்டாம். நம் பதினோரு படிப்பகங்களிலும் பத்து ஆண்டுகளுக்கு இதை வைக்கக் கேட்கிறார்கள். வைப்பதற்குக் கூட்டமைப்பின் ஒப்புதல் கடிதம் வேண்டும். பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடும்படி கூட்டமைப்பு என்னை அனுப்பியது. பார்த்துவிட்டு வந்தேன். கடிதம் இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. கையெழுத்து இன்னும் இல்லை. அது ஏன் இல்லை என்பதுதான் என் உரை.

மூன்றாம் வரிசையில், ஓரத்தில், நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தபடி ஒருவர் இருக்கிறார். பெயர் ஜெனிஸ். முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சங்குக்கு இறங்குவது நிற்கவில்லை. பதினாறு ஆண்டுகள் சங்கு குளித்தவர் ஜெனிஸ். நீங்கள் அந்தப் பெட்டிக்குள் கேட்கும் மூச்சு யாருடைய மூச்சு? ஜெனிஸின் மூச்சு. நீங்கள் அங்கே காணும் பாறை யார் கண்ட பாறை? ஜெனிஸின் நெற்றியில் கட்டிய கேமரா கண்ட பாறை. நீங்கள் நீட்டும்போது உங்கள் முன்னால் நீளும் அந்தக் கை யாருடைய கை? பெருவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கும், பாருங்கள். பிறகு மூன்றாம் வரிசைக்கு வந்து ஒத்துப் பாருங்கள்.

அந்தப் படப்பிடிப்புக்காக நாற்பது நாள் அவர் இறங்கினார். பல ஆண்டுகளாக இரைந்துகொண்டிருந்த இடது காதின் சவ்வு முப்பத்தேழாம் நாளில் கிழிந்தது. மூன்று நாள் பாக்கி இருக்கிறதே என்று அதையும் இறங்கி முடித்தார். இனிக் கடல் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நடந்தால் அவருக்குத் தரை சாய்கிறது. அதனால்தான் நாற்காலியைப் பிடித்திருக்கிறார்; என் பேச்சுக்கு அஞ்சி அல்ல. நிறுவனத்தை அவர் குறை சொல்லவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். “கடலு எடுத்துட்டு சார், யாரச் சொல்ல” என்றார்.

ஆக, இனி ஜெனிஸுக்கு மிஞ்சிய கடல் ஒன்றே ஒன்று. அது அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அவரால் அதற்குள் போக முடியுமா? அதைச் சொல்வதற்கு முன், வெளியூரிலிருந்து வந்திருக்கும் நிறுவனத்தாருக்காக இந்தக் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கீழே இறங்குகிறவன் இடுப்பிலிருந்து மேலே படகுக்கு ஒரு கயிறு போகும். மேலே அதை ஒருவர் பிடித்திருப்பார். அவர் யார்? தம்பியா? சொத்துக்கு ஒரு பங்காளி குறைவான் என்று தம்பி நினைக்கலாம். நண்பனா? நண்பனுக்குப் பீடி பற்ற வைக்கத் தோன்றலாம். கயிறு பிடிப்பவர் மச்சான். மனைவியின் உடன்பிறந்தவன். ஏன்? கயிறு தவறினால் தாலி அறுவது அவன் தங்கைக்கு. உலகத்தில் எத்தனையோ காப்பீட்டுத் திட்டங்களைப் படித்திருக்கிறேன். சின்ன எழுத்தில் எதுவும் அச்சடிக்காத ஒரே திட்டம் இதுதான். இன்றைக்குக் காற்றுக் குழாய் வந்துவிட்டது. குழாயோடு கயிறும் போகிறது. பிடிப்பவர் மாறவில்லை. ஓர் இழுப்பு என்றால் கயிறு விடு. இரண்டு இழுப்பு என்றால் தூக்கு. மூன்றாவது இழுப்புக்குப் பொருள் கிடையாது. மூன்று வரை எண்ணுகிற மச்சானை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

ஜெனிஸுக்குக் கயிறு பிடிப்பவர், அவர் மனைவி ஜெபிஷாவின் அண்ணன் ரெக்ஸ். கடைசி வரிசையில் தூணில் சாய்ந்து நிற்கிறார். உட்காரச் சொல்லிப் பார்த்தோம். நின்று பழக்கம் என்கிறார்.

போன மாதம் ஒரு பிற்பகல், நிறுவனத்தின் அலுவலகத்தில் வெள்ளோட்டம். தட்டில் முந்திரி மக்ரூன், சுவரில் நீலத்தில் ‘உணருங்கள்’ என்று ஒரே ஒரு சொல். முதலில் ஜெனிஸ்தான் மாட்ட வேண்டும் என்று தம்பி பெனிஸ்டன் விரும்பினார். அழகான எண்ணம், புகைப்படக்காரரையும் வரவழைத்திருந்தார். ஜெனிஸைச் சுழல் நாற்காலியில் இருத்தி ஹெட்செட்டை மாட்டினார்கள். அதன் பின்புறத்திலிருந்து கருப்பு வயர் ஒன்று புறப்பட்டுக் கணினிக்குப் போயிற்று. ரெக்ஸ் என்ன செய்தார்? எதையும் யோசிக்காமல் பக்கத்தில் போய் நின்று அந்த வயரைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு சுற்றைத் தரையில் போட்டார். மிச்சத்தை விரல்களுக்கிடையே தளர்த்திப் பிடித்தார். யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு மனிதன் இறங்குகிறான், பின்னால் ஒரு கயிறு போகிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

ஜெனிஸ் இறங்கினார். அரை நிமிடம் ஆயிற்று. ஜெனிஸின் தலை வெட்டி ஒரு முறை திரும்பியது. உடனே இன்னொரு முறை.

ரெக்ஸ் இழுத்தார்.

பதினாறு ஆண்டு இழுத்த கை, கொஞ்சமாகவா இழுக்கும்? வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. வயரோடு கணினி வந்தது. கணினியோடு மக்ரூன் தட்டு வந்தது. புகைப்படக்காரர் மேசைக்கடியில் போனார். ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தால் ஜெனிஸின் முகம் சாம்பல் நிறம். அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். ரெக்ஸின் தோள் அங்கே தயாராக இருந்தது.

அங்கே நடந்த பேச்சைக் குறித்து வைத்திருக்கிறேன்.

“அண்ணாச்சி, என்ன இப்படிப் பண்ணிட்டிய. அது சிக்னல் இல்ல. அவரு தலையத் திருப்புனாரு” என்றார் பெனிஸ்டன்.

“ரெண்டு வாட்டி இழுத்தாம்லா. இழுத்தா தூக்கணும்.”

“அது கேம் அண்ணாச்சி. அதுல யாரும் சாக மாட்டாங்க.”

“அத அவன் காதுட்டச் சொல்லுங்க தம்பி. அதுக்குத் தெரியல.”

ஜெனிஸ் தரையில் சுவரோரம் உட்கார்ந்து எலுமிச்சையை மோந்தபடி சொன்னார்: “மச்சான், கொஞ்சம் மெதுவா இழுத்திருக்கலாம். மக்ரூன் போச்சு.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்கும்வரை சிரித்தேன். அதில் அந்த நிகழ்ச்சிக்கு வைத்த பெயர், ‘பயனர் தரப்புக் குறுக்கீடு’. ஒரு மனிதன் சரிந்தது அறிக்கையில் இல்லை. இன்னொரு மனிதன் தாங்கியது அறிக்கையில் இல்லை. தட்டு உடைந்தது இருக்கிறது. அந்த அறையில் இருந்த இயந்திரங்கள் எல்லாம் ‘நலம்’ என்று பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, ‘நலமில்லை’ என்று கண்டுகொண்ட ஒரே கருவி ரெக்ஸின் கை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் குறுக்கீடு. எனக்குச் சந்தேகம் பிறந்தது அங்கேதான். பிறந்த சந்தேகம் நன்றாக வளர்ந்தது.

ஹெட்செட் இல்லாமல் ஆட ஒரு வடிவம் தாருங்கள் என்று கூட்டமைப்பின் சார்பில் எழுதிக் கேட்டேன். தர இயலாது, அனுபவத்தின் தூய்மை கெடும் என்று பதில் வந்தது. தூய்மை என்ற சொல்லை யார் எடுத்தாலும் யாரை வெளியே நிறுத்தப் போகிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். பார்த்தேன். காது கெட்டவர் வெளியே. ஒரு கண் மட்டும் உள்ளவர் வெளியே. கழுத்து வலிக்காரர் வெளியே. தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன்: பேருந்து நிலையத்தை ஒட்டிய படிப்பகத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே, கண்ணைக் கட்டிக்கொண்டு, காதை அடைத்துக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு நிற்க உங்கள் மகளை அனுப்புவீர்களா? அங்கே ஓர் அம்மா தலையை ஆட்டுகிறார். அவரும் வெளியே. இத்தனை பேரும் வெளியே போனபிறகு உள்ளே இருப்பது தூய்மையாகத்தான் இருக்கும். ஆளில்லாத அறை எப்போதும் சுத்தமானது.

அதோடு, பெட்டியோடு வந்த ஒப்பந்தத்தின் பதினெட்டாம் பக்கம் ஒன்று சொல்கிறது: ஆடுகிறவரின் கண் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஹெட்செட் குறித்துக்கொள்ளுமாம். எதற்கு என்று தொலைபேசியில் கேட்டேன். ‘மேம்பாட்டுக்கு’ என்றார்கள். யாருடைய மேம்பாட்டுக்கு என்று கேட்டேன். இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

என்ன அண்ணாச்சி? பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், ‘எதுக்கெடுத்தாலும் சந்தேகமா’ என்று. ஆமாம். ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டாமல் மீன் விற்க வருபவனிடம் நீங்கள் வாங்குவீர்களா? பிறகு என்னிடம் மட்டும் ஏன் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்கிறீர்கள்?

இவர்கள் பெட்டியைத் திறந்து காட்டாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த விளையாட்டில் சிப்பிக்கு ஒரு முத்து இருக்கிறது. ஒரே மூச்சில் ஒன்பது நிமிடம் கீழே இருக்கலாம். ஹெட்செட்டுக்குள் ஒருவர் தனியாக இதைப் பார்த்தால் வியப்பார். இதையே சுவரில் பெரிய திரையில் போட்டால் என்ன ஆகும்? திரேஸ்புரம் பார்க்கும். நாற்பது பேர் நின்று பார்ப்பார்கள். ‘ஏலே, ஒம்பது நிமிசமா? அது ஆளு இல்ல, பேயி’ என்று ஒருவன் சொல்வான். அந்த ஒரு குரலுக்குத்தான் அஞ்சுகிறார்கள் என்பது என் சந்தேகம். பக்கத்தில் இருப்பவன் காணாத காட்சிக்குச் சாட்சி கிடையாது. சாட்சி இல்லாத இடத்தில் எதையும் கடல் என்று சொல்லலாம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டை எழுதிய பொறியாளர் இந்துமதி, சாத்தான்குளத்துப் பெண், அதோ மேடைக்குக் கீழே மடிக்கணினியோடு அமர்ந்திருக்கிறார். முதல்முறை நான் கேட்டபோது நேராகச் சொன்னார்: “சார், சுத்தித் தண்ணி இருக்கணும்னு செஞ்சது. அதத் திரையில கேட்டா, கடலத் தட்டுல ஊத்தித் தரச் சொல்லுத மாரி இருக்கு.”

நல்ல வாதம். இரண்டு நாள் அதை மென்றுகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஆத்தூருக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இருந்தபோது பதில் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. கடலைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துத்தானே ஐயா இந்த ஊர் உப்பு விளைவிக்கிறது? ஆழத்தை எடுத்துவிட்டுத் தட்டையாகப் பரப்பினால் கடல் கெட்டுவிடும் என்று வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். தூத்துக்குடியில் சொல்லாதீர்கள். அலை போகும், ஆழம் போகும், ஆர்ப்பரிப்பு போகும், உப்பு மிஞ்சும். அந்த உப்பு எல்லார் வீட்டுக்கும் போகும். ஹெட்செட்டுக்காகவே பிறந்த விளையாட்டுகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். தட்டையாக்கினால் சில விளையாட்டுகளில் ஒன்றுமே மிஞ்சாது. அவற்றை அவற்றின் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடலாம். இதில் என்ன மிஞ்சும் என்று பார்த்துவிடலாமே என்றுதான், ஜெனிஸையும் ரெக்ஸையும் அழைத்துக்கொண்டு இந்துமதியின் மேசைக்கே போனேன்.

பெரியோர்களே, தாய்மார்களே, அங்கே நான் என்ன கண்டேன்? இந்துமதி கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் சாதாரணத் திரை. அந்தத் திரையில் முழுக் கடல். பாறை, சிப்பி, ஜெனிஸின் கை, எல்லாம். அம்புக்குறி விசைகளை அழுத்தி ஏழு பாக ஆழத்தில் உலவிக்கொண்டிருந்தார்.

“ஹெட்செட் எங்கம்மா?”

“அலமாரில இருக்கு சார்.”

“போடாமலா வேலை பாக்கீங்க?”

“நாள் பூரா அதப் போட்டுட்டு எப்படி சார் எழுத? வாந்தி வந்துரும். நாங்க எல்லாரும் இதுலதான் செஞ்சு பாப்போம்.”

அவையோரே, இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். எது இயலாது என்று எனக்குக் கடிதம் வந்ததோ, அது முதல் நாளிலிருந்து இருக்கிறது. எது தூய்மையைக் கெடுக்குமோ, அதில்தான் அந்தத் தூய்மையே தயாராகிறது. சமைப்பவர்கள் சாப்பிடுவது ஓர் உலையில். நமக்கு மட்டும் வேறு உலை.

ஜெனிஸை அந்த மேசையில் உட்கார வைத்தார் இந்துமதி. மேசை நகரவில்லை, தரை சாயவில்லை, அவர் கை மட்டும் அம்புக்குறிகளில் இருந்தது. திரையில் ஒரு பாறை வந்ததும் நிறுத்தினார். “இதுலதான் சார் எங் கை கிழிஞ்சுது” என்று பெருவிரலைக் காட்டினார். பிறகு கடலை மேலும் கீழும் தேடினார்.

“கயிறு எங்க தாயி?”

இந்துமதி கடலைமிட்டாயைக் கீழே வைத்தார்.

“நான் இறங்கையில கயிறு இருந்துச்சே. கேமராலயும் விழுந்திருக்குமே.”

“விழுந்துச்சு அண்ணே. அழிக்கச் சொல்லிட்டாங்க. கயிறு தெரிஞ்சா ஆடுதவங்களுக்குத் தனியா இருக்க ஃபீல் வராதாம்.”

பின்னால் நின்ற ரெக்ஸ் சொன்னார்: “தனியா எறங்குதவனுக்குப் பேரு வேற தாயி. அவனக் கரையில எடுப்பாங்க.”

அன்றைக்கு இந்துமதி மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மூன்று மணிக்குத் திரையில் கயிறு வந்தது. கயிற்றின் நுனியில் படகின் நிழல். அதில் நிற்கும் ஓர் ஆள். ஒருவர் அம்புக்குறியில் இறங்கலாம். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இன்னொருவர் விசைப்பலகையின் அடியில் இருக்கும் நீண்ட விசையைக் காவல் காக்கலாம். கீழே இருப்பவர் இரண்டு இழுப்பு இழுத்தால் அந்த விசையை அழுத்தித் தூக்க வேண்டும். ஒன்பது நிமிடத்தையும் அவரே மூன்றாகக் குறைத்துவிட்டார். இன்னும் குறைக்கச் சொல்கிறார் ரெக்ஸ், அது அவர்களுக்குள். தட்டில் ஊற்றிய கடலில் மிஞ்சிய உப்பு அந்த இரண்டாவது நாற்காலி. ஹெட்செட்டுக்குள் அதற்கு இடம் கிடையாது. அங்கே தலை ஒன்றுதான் நுழையும்.

தம்பி பெனிஸ்டன் அவர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சந்தேகம்தான். ஹெட்செட்டைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. முன்வரிசை நால்வரும் நலமாக மூழ்கட்டும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரையையும் இரண்டு நாற்காலிகளையும் வையுங்கள். மூச்சைக் கொடுத்தவன் தன் மூச்சைக் கேட்க முடியாத விளையாட்டுக்கு, கயிற்றை அறுத்துவிட்டு அதற்குத் தனிமை என்று பெயர் வைத்த விளையாட்டுக்கு, இந்த ஊர்ப் படிப்பகத்தில் இடம் இல்லை. கேட்டது வந்தால் இந்தப் பேனாவில் மை உண்டு. வராவிட்டால் பதினோரு படிப்பகத்திலும் பழைய கேரம் பலகை இருக்கிறது. அதற்கும் நான்கு பக்கம் ஆள் வேண்டும்.

தலைவர் மணி அடிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, பெனிஸ்டனைப் பார்த்து ஏதோ கேட்கிறார். தலைமையாசிரியையாகப் பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே குரல். இந்துமதியின் மடிக்கணினியை இந்தப் பெரிய திரையில் இப்போதே போடலாமா என்று கேட்கிறார்.

பெனிஸ்டன் தலையை அசைத்தார். சம்மதமா, கழுத்து வலியா, எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு முறை அசைத்தார். இந்தக் கரையில் இரண்டுக்கு என்ன பொருள் என்று ரெக்ஸைக் கேளுங்கள்.

பெனிஸ்டன், தலையசைப்பை நான் கோப்பில் வைக்க முடியாது. இதே கடிதத்தின் பின்பக்கத்தில் ‘ஒரு திரை, இரண்டு நாற்காலி’ என்று எழுதி உங்கள் கையெழுத்தை முதலில் போடுங்கள். இதோ பேனா... போடுகிறார். பார்த்துப் போடுங்கள் தம்பி, பதினெட்டாம் பக்கம் எதுவும் இதில் இல்லை. முன்பக்கத்தில் இதோ நானும் போடுகிறேன். திரை ஒளிர்ந்து, கயிறு தெரிந்த பிறகு இந்தத் தாள் தலைவர் கைக்குப் போகும். அதுவரை என் பையில் இருக்கட்டும்.

இந்துமதி ஏதோ சொல்கிறார். திரைக்குப் போகும் வயர் தளர்வாக இருக்கிறதாம், விட்டால் கழன்றுவிடுமாம், யாராவது கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். யார் என்று நான் சொல்ல வேண்டுமா? அதோ, தூணை விட்டு அவரே வந்துகொண்டிருக்கிறார். வழி விடுங்கள். ரெக்ஸ், இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

விசிறியை விட்டுக்கொடுத்த தலைவருக்கும், தேநீர் தந்து திட்டு வாங்கிய நிறுவனத்துக்கும், இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கும் என் நன்றி. இரண்டு காதும் கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய் அதற்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்.

நீலம் வந்துவிட்டது. கயிறு தெரிகிறது. விசைப்பலகையை மூன்றாம் வரிசைக்குக் கொடுங்கள்.

ஜெனிஸ், நாற்காலியை விடலாம். மச்சான் பிடித்திருக்கிறார். வணக்கம்.